வேலியோரச் செடியும் நரம்பு ஊசியும்

ரிஷிவந்தியத்தில் எந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு எந்தத் திசையில் நடந்தாலும் நித்தியகல்யாணிச் செடி கண்ணில் படாமல் இராது. வேலியோரத்தில் இருக்கும், ஏரிக்கரையில் இருக்கும், இடுகாட்டிலும் இருக்கும். ஆண்டு முழுவதும் ஓயாமல் பூப்பதால் நித்தியகல்யாணி என்று ஒரு பெயர். இடுகாட்டில் மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர். இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் ஐந்து இதழ்ப் பூக்கள். ஆடுமாடுகள் இதன் பக்கம் திரும்புவதில்லை. இலை அவ்வளவு கசப்பு!

இந்தச் செடியைப் பற்றி ஆண்டுதோறும் எந்த மாணவராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் இருப்பதில்லை. "சார், புற்றுநோய்க்கு மருந்து இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்களாமே? அப்படியானால் பத்து இலையைப் பறித்து மென்றால் போதாதா? ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு ஊசி எதற்கு?"

கேள்வியின் முதல் பாதி உண்மை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து கிடைப்பவைதாம். இரண்டாம் பாதியோ உயிருக்கே உலை வைக்கக்கூடியது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைப் பௌதிக ஆசிரியரிடம் கேட்கிறார்களே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இதற்கான விடையில் பாதி பௌதிகம்தான். எடை, பரப்பு, அழுத்தம், அரை ஆயுட்காலம் ஆகியவற்றைக் கொண்டே இலைக்கும் ஊசிக்கும் உள்ள தொலைவை அளந்துவிடலாம். அளந்து பார்ப்போமா?

எலிகள் சொன்ன செய்தி

நித்தியகல்யாணி நம் ஊர்ச் செடி என்று நாம் உரிமை கொண்டாடினாலும் அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல்கள் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. பல நாடுகளில் நீரிழிவு நோய்க்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடிக்கும் வழக்கம் ஏற்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவிலும் அப்படியே.

1952-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிள் என்பவருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இருந்தவை 25 நித்தியகல்யாணி இலைகள். அவர் ஓய்வு பெற்றவர். எனவே அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பி வைத்தார். ராபர்ட், கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியே கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. வேறு எந்த மாற்றமும் தென்படவில்லை.

வேறொருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். நோபிளின் குழுவினர் அதே சாற்றை எலிகளின் இரத்தக் குழாயில் ஊசி மூலம் செலுத்தினர். சர்க்கரை அப்போதும் குறையவில்லை. ஆனால் ஒரு வாரத்திற்குள் எலிகள் சீழ்க் கட்டிகள் தோன்றி மடிந்தன. சாதாரணமாக எலிகள் எளிதில் சமாளிக்கும் கிருமிகளே அவற்றைக் கொன்றிருந்தன. ஏன்? கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் இரத்தத்தில் அடியோடு குறைந்துவிட்டன. வெள்ளணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை வெறுமையாகிக் கிடந்தது!

வாய் வழியே ஒன்றுமில்லை. இரத்த வழியே பெரும் விளைவு. நம் மாணவரின் கேள்விக்கு எலிகள் அன்றே பாதி விடை கூறிவிட்டன.

வெள்ளணுக்களைக் குறைப்பது கெடுதல்தானே என்று தோன்றும். இரத்தப் புற்றுநோயில் நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். அங்கே முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, மஜ்ஜையை அடைத்துக்கொண்டு, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. அத்தகைய பெருக்கத்தை அடக்க இந்தச் சாறு உதவலாம் அல்லவா? நோபிளும் அவருடன் பணியாற்றிய வேதியியலார் சார்லஸ் பீரும் சாற்றைப் பிரித்துப் பிரித்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைத் தூய நிலையில் கிடைத்ததாக அறிவித்தனர். இதே சமயத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தாரும் இதே செடியை ஆராய்ந்து, இரத்தப் புற்று கண்ட சுண்டெலிகளின் ஆயுளை அதன் சாறு நீட்டிப்பதைக் கண்டிருந்தார்கள். அங்கே கார்டன் ஸ்வோபோடாவும் அவருடைய தோழர்களும் இரண்டாவது பொருளான வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தனர். 1963-இல் அது மருந்தாக அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். வின்பிளாஸ்டின் மூலக்கூற்றில் ஓரிடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்தினால் வின்கிரிஸ்டின் ஆகிவிடும். மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட மூலக்கூற்றில் இது எம்மாத்திரம்? ஆயினும் குணம் மாறிவிடுகிறது. வின்பிளாஸ்டின் மிகுந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும்; வின்கிரிஸ்டின் மிகுந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினே ஏற்றது. இனி அதைப் பற்றியே பேசுவோம்.

ஒரு டன் இலையில் இரண்டு கிராம்

நம் பகுதி கரும்புக்குப் பேர் போனது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு ஒரு டன் கரும்பு போனால் சுமார் 90 கிலோ சர்க்கரை கிடைக்கும் என்பது கரும்பு போடும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு. வின்கிரிஸ்டின் கணக்கு வேறு வகை. 15 டன் உலர்ந்த இலையிலிருந்து ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம்! ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு 2 மில்லிகிராம்.

இது போதாதென்று, இந்தச் செடியில் 130-க்கு மேற்பட்ட அல்கலாய்டுகள் உள்ளன. அல்கலாய்டு என்பது செடிகள் தம் பாதுகாப்புக்காக உண்டாக்கிக்கொள்ளும் நைட்ரஜன் கலந்த பொருள்; பெரும்பாலும் கசக்கும்; பலவும் நஞ்சு. அந்தக் கூட்டத்திலிருந்து வின்கிரிஸ்டினை மட்டும் பிரிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்றதே. வின்பிளாஸ்டின் சற்று அதிகமாகக் கிடைப்பதால் அதை எடுத்து வின்கிரிஸ்டினாக மாற்றும் முறையும் உண்டு. இந்தியாவில் இவ்விரு மருந்துகளையும் தயாரிக்கும் முறையை, புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடமும் சிப்லா நிறுவனமும் சேர்ந்து 1980-களில் உருவாக்கின. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே வளர்த்து இலையையும் வேரையும் விற்பதுண்டு. வேர் எதற்கு? அதிலுள்ள வேறோர் அல்கலாய்டு இரத்த அழுத்த மருந்துக்குப் பயன்படுகிறது.

வடம் பிடிக்க விடாத மருந்து

வின்கிரிஸ்டின் உடலுக்குள் என்னதான் செய்கிறது?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடமுள்ள குரோமோசோம்களை இரட்டித்துக்கொள்ளும். பிறகு அவற்றைச் சரிபாதியாக இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்ல வேண்டும். இதற்காக அது வடங்களைத் தயார் செய்கிறது. நுண்குழல்கள் என்று இவற்றிற்குப் பெயர். டியூபுலின் என்னும் புரத மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 13 சரங்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரு குழல் ஆகும். குழலின் விட்டம் 25 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே இத்தகைய குழல்கள் 3,000 வரை வரிசையாக நிற்கலாம்!

இந்த வடங்கள் தேர் வடம்போல ஒரு முறை திரித்து வைத்துக்கொள்பவை அல்ல. தேவைப்படும்போது முனையில் மணிகள் சேர்ந்து வளரும். வேலை முடிந்ததும் உதிர்ந்து குறையும். வின்கிரிஸ்டின் மூலக்கூறு டியூபுலின் மணியைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பின் வடத்தின் முனையில் அடுத்த மணி சேர முடிவதில்லை. குரோமோசோம்கள் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. பிரியவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அந்த உயிரணு மடிகிறது.

ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்று அணுக்களுக்கு இது பேரிடி. ஆனால் வேகமாகப் பிரியும் நல்ல அணுக்களும் நம் உடலில் உண்டல்லவா? மயிர்க்கால் அணுக்கள் அப்படிப்பட்டவை. ஆகவே மருத்துவம் நடக்கும்போது தலைமயிர் உதிர்வதைக் காண்கிறோம். முடிந்த பின் மீண்டும் வளர்ந்துவிடும்.

நரம்பின் கதை இன்னும் சுவையானது. நரம்பு அணு பெரும்பாலும் பிரிவதே இல்லை. பின் ஏன் அது பாதிக்கப்பட வேண்டும்? முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை செல்லும் ஒரு நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதன் கடைக்கோடிக்கு வேண்டிய பொருள்களெல்லாம் மேலே தயாராகி, இழைக்குள் அமைந்த நுண்குழல்களின் மீது இரயில் தண்டவாளத்தில் செல்வதுபோல் செல்கின்றன. வேகமான வண்டிக்கே நாளொன்றுக்கு சுமார் 40 செ.மீ.தான் வேகம். விரல் நுனியை அடைய இரண்டரை நாள்! தண்டவாளம் பழுதானால் முதலில் தவிப்பது கடைசி நிலையந்தானே? அதனால்தான் வின்கிரிஸ்டின் பெறுவோருக்குக் கால் விரல்களிலும் கை விரல்களிலும் முதலில் மதமதப்பு தோன்றுகிறது. சிலருக்கு நடக்கும்போது பாதம் தொய்யும். குடலை இயக்கும் நரம்புகள் தளர்வதால் மலச்சிக்கல் ஏற்படும். பெரும்பாலும் இவை நாளடைவில் சீராகிவிடும். ஆனாலும் சிறு பிள்ளை "கால் மதமதங்குது" என்று சொன்னால் பெரியவர்கள் அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை அவர் மாற்றியமைக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.

தோலின் பரப்பும் மருந்தின் அளவும்

சாதாரண மருந்துகளைக் குழந்தையின் எடையைப் பார்த்து அளந்து கொடுப்பார்கள். வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளுக்கோ உடலின் மேற்பரப்பைக் கணக்கிடுகிறார்கள். உடலில் வெப்பம் உண்டாவதும், இரத்தம் ஓடுவதும், மருந்து கழிவதும் எடையைவிட மேற்பரப்புக்கே நெருங்கிய விகிதத்தில் இருப்பதால் இந்த ஏற்பாடு. தோலை உரித்து அளக்க வேண்டியதில்லை! உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்குங்கள். 3,600-ஆல் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். விடை சதுர மீட்டரில் வரும்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் 144 செ.மீ. உயரம், 36 கிலோ எடை என்று கொள்வோம். பெருக்கினால் 5,184. 3,600-ஆல் வகுத்தால் 1.44. வர்க்கமூலம் 1.2 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் வீதம் அவனுக்கு வேண்டிய வின்கிரிஸ்டின் 1.8 மில்லிகிராம். எவ்வளவு பெரிய ஆளாயினும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது பொதுவான விதி. உப்புக் கல் ஒன்றின் எடைகூட இராது! ஆனால் அந்த 1.8 மில்லிகிராமில் இருக்கும் மூலக்கூறுகளோ ஏறத்தாழ 11,700 கோடி கோடி. மனித உடலில் சுமார் 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று கொண்டால், உயிரணு ஒன்றுக்கு 39,000 மூலக்கூறுகள் வீதம் வரும். அவகாட்ரோ எண்ணை மனப்பாடம் செய்வதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இப்போது பத்து இலைக்கு வருவோம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால், 1.8 மில்லிகிராமுக்கு 900 கிராம் உலர்ந்த இலை வேண்டும். பச்சையிலையாகப் பறித்தால் அதைப் போலப் பல மடங்கு. ஒரு பெரிய கூடை நிறைய. பத்து இலையில் இருப்பது கடலில் கரைத்த பெருங்காயம். ஒரு கூடை இலையையும் கஷாயமாக்கிக் குடித்தால்? அப்போது வின்கிரிஸ்டினோடு மற்ற நூற்றுச் சொச்சம் அல்கலாய்டுகளும் அளவு தெரியாமல் வயிற்றுக்குள் போகும். முதலாவது வீண், இரண்டாவது விஷம். செடியில் இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் சத்து மாறுவது வேறு. ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தான பொருளைக் கைப்பிடி அளவில் அளக்க முடியுமா?

ஏன் நரம்பு ஊசி?

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாம் பேச்சு வழக்கில் நரம்பு ஊசி என்கிறோமே, அது நரம்பில் போடுவது அன்று. கையில் நீல நிறமாகத் தெரிவது சிரை, அதாவது இதயத்திற்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய். நரம்பு என்பது செய்தி கடத்தும் இழை. மற்ற மருந்துகளில் இந்தக் குழப்பத்தால் கெடுதல் இல்லை. வின்கிரிஸ்டினில் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினை என்பதைப் பின்னால் காண்போம்.

வாய் வழியே போகும் வின்கிரிஸ்டின் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு; அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே மாத்திரை உதவாது. தசையில் ஊசியாகப் போடலாமே என்றால், அதுவும் கூடாது. மருந்து ஓரிடத்தில் தேங்கினால் அங்குள்ள திசுக்கள் வெந்து புண்ணாகிவிடும். ஓடும் இரத்தத்தில் விட்டால் உடனே நீர்த்துப் பரவும். கைச் சிரையில் விட்ட பொருள் இதயம், நுரையீரல் வழியாகத் தலையை எட்ட 15 விநாடி போதும். ஒரு நிமிடத்தில் இதயம் ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறதல்லவா!

புட்டியை உயரத்தில் தொங்கவிடுவது எதற்கு என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு மீட்டர் உயரத் திரவத் தம்பத்தின் அழுத்தம், உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்க, 9,800 பாஸ்கல். பாதரசக் கணக்கில் 74 மில்லிமீட்டர். கைச் சிரைக்குள் இரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவே. எனவே மருந்து உள்ளே இறங்குகிறது. புட்டியைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிவிட்டால் இரத்தம் குழாயில் ஏறி வரும். வார்டில் துணைக்கு இருப்பவர்கள் இதைக் கண்டு அலறுவதுண்டு. 50 மில்லிலிட்டர் மருந்து நீரைப் பத்து நிமிடத்தில் செலுத்த வேண்டுமானால் நிமிடத்திற்கு 5 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 20 துளி விடும் குழாயில் 100 துளி. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துளிகளை எண்ணுவது இதற்குத்தான். மருந்து இறங்கும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ கண்டால் அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஊசி சிரையை விட்டு விலகியிருந்தால் மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டும்.

இனி, நான் மேலே சொன்ன உயிர்ப் பிரச்சினை. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவர் மிகவும் கெட்டியான காவல் கொண்டது. வின்கிரிஸ்டினை அது உள்ளே விடுவதில்லை. ஆகவே மூளையிலும் தண்டுவட நீரிலும் பதுங்கியுள்ள புற்று அணுக்களுக்கு வேறு மருந்தை முதுகுத் தண்டு வழியே செலுத்துகிறார்கள். அந்த மருந்து மெதோடிரெக்சேட். அதன் முன்னோடியான அமினோப்டெரினை அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அதைக் கொண்டு பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிவதை 1948-இல் முதன்முதலாக உலகுக்குக் காட்டினார்.

ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு மருந்துகள். ஒன்று சிரைக்கு, மற்றது முதுகுத் தண்டுக்கு. தவறி வின்கிரிஸ்டின் முதுகுத் தண்டில் ஏறிவிட்டால் நரம்புகள் நேரடியாக அழிந்து, பெரும்பாலும் மரணமே முடிவு. உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள், போதவில்லை. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எளிய யோசனை ஒன்றைச் சொன்னது. வின்கிரிஸ்டினை ஊசிக் குழலில் எடுக்கவே வேண்டாம். நீர்த்த நிலையில் சிறு பையில் அடைத்துச் சொட்டாக ஏற்றுங்கள். முதுகுத் தண்டில் போடுவதற்கு யாரும் 50 மில்லிலிட்டர் பையைக் கையில் எடுக்கமாட்டார்கள் அல்லவா? கவனமாயிருங்கள் என்று ஆயிரம் முறை சொல்வதைக் காட்டிலும், தவறு செய்ய முடியாதபடி பொருளை அமைப்பதே மேல் என்பது என் கட்சி.

மறையும் மருந்து, மறையாத மிச்சம்

இரத்தத்தில் சேர்ந்த வின்கிரிஸ்டின் எவ்வளவு நேரம் இருக்கும்? கதிரியக்கப் பொருளுக்கு ஓர் அரை ஆயுட்காலம் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். வின்கிரிஸ்டினுக்கு மூன்று! முதலில் 5 நிமிடம்; அடுத்து 2.3 மணி, கடைசியில் 85 மணி. முதல் கட்டத்தில் மருந்து அழிவதில்லை; இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் குடியேறுகிறது. பிறகு மெதுவாக வெளிவந்து, கல்லீரலால் பித்த நீரோடு கழிக்கப்படுகிறது. வாரம் ஒரு முறை என்று ஊசியின் இடைவெளியை வைத்ததற்கு இந்த 85 மணியும் ஒரு காரணம். கல்லீரல் களைத்திருந்தால் மருந்து தேங்கி நஞ்சாகும். மஞ்சள் காமாலை கண்டால் அளவைக் குறைப்பார்கள். வீட்டில் கொடுக்கும் பச்சிலையோ வேறு மாத்திரையோ எதுவாயினும் மருத்துவரிடம் ஒளிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். சில மருந்துகள் வின்கிரிஸ்டினைக் கழிக்கும் கல்லீரல் வேலையைத் தடுத்துவிடும்.

மருந்து புற்று அணுக்களைக் கொல்லும் விதத்திலும் இதே வகைக் கணக்கு இருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹோவர்ட் ஸ்கிப்பர் 1960-களில் சுண்டெலிகளில் கண்டார். ஒவ்வொரு தவணை மருந்தும் இத்தனை கோடி அணுக்கள் என்று எண்ணிக் கொல்வதில்லை; இத்தனை பங்கு என்று கொல்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும்போது குழந்தையின் உடலில் சுமார் 10¹² புற்று அணுக்கள் இருக்கலாம். இது ஓர் இலட்சம் கோடி. எடை ஒரு கிலோ. மருத்துவத்தின் முதல் கட்டம் ஆயிரத்தில் 999 பங்கை அழிப்பதாகக் கொள்வோம். எஞ்சுவது 10⁹, அதாவது நூறு கோடி. எடை ஒரே கிராம்!

இந்த நிலையில் நுண்பெருக்கியில் பார்த்தால் புற்று அணு கண்ணில் படாது. காய்ச்சல் நின்றுவிடும், பசி எடுக்கும், குழந்தை தெருவில் ஓடி விளையாடும். வின்கிரிஸ்டினும் பிரட்னிசோலோன் என்ற மாத்திரையும் சேர்ந்தே பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். "பிள்ளை தேறிவிட்டான், இனி எதற்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி அலைய வேண்டும்? வேலியோரத்தில்தான் அதே செடி இருக்கிறதே" என்று யாராவது சொல்வது இப்போதுதான். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் மிச்சமிருக்கும் நூறு கோடி அணுக்கள் சும்மா இருக்குமா? கணக்குக்காக, ஐந்து நாளுக்கொரு முறை அவை இரட்டிப்பதாகக் கொள்ளுங்கள். பத்து முறை இரட்டித்தால் 1,024 மடங்கு. ஐம்பதே நாளில் மீண்டும் ஓர் இலட்சம் கோடி! அதுவும் மருந்துக்குத் தப்பிப் பழகிய அணுக்களின் வழித்தோன்றல்கள். இரண்டாம் முறை அதே மருந்துக்கு எளிதில் பணிவதில்லை.

ஆகவேதான் மருத்துவர்கள் நிறுத்துவதில்லை. 10⁹ பத்து இலட்சமாகி, ஆயிரமாகி, ஒன்றுக்கும் கீழே போகும் வரை விதவிதமான மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். இதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் பிடிக்கின்றன. 1950-களில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களுக்கு மேல் வாழ்ந்ததில்லை. இன்று, முழு மருத்துவமும் தடையின்றி நடக்கும் வளமான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த எண் குறைவாக இருப்பதற்கு, மருத்துவத்தைப் பாதியில் விட்டுப் போவதும் ஒரு முக்கியக் காரணம்.

ரிஷிவந்தியத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் இதற்காகப் போக வேண்டிய தூரம் குறைவன்று, ஒப்புக்கொள்கிறேன். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கியது. புற்றுநோய்க்கென்று தனி மையம் புதுச்சேரி ஜிப்மரில் உண்டு. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் மருத்துவமும் அடங்கும். இந்தச் செய்தியை வீட்டில் எடுத்துச் சொல்லப் பள்ளி மாணவர்களைவிடத் தகுந்தவர் யார்?

செடியைப் பற்றி ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. நித்தியகல்யாணி தன் இலைக்குள் வின்பிளாஸ்டினை உண்டாக்க முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடக்கிறது. டென்மார்க்கில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படிகளுக்குரிய மரபணுக்களை ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்குத் தேவையான இரு பாகங்களையும் அதனுள்ளேயே உண்டாக்கச் செய்தனர். 2022-இல் இதை அறிவித்தனர். இரு பாகங்களையும் பின்னர் ஆய்வுக்கூடத்தில் பொருத்தினால் மருந்து தயார். கிடைக்கும் அளவு இப்போதைக்கு மிகச் சொற்பம்.